கவுச்சி இல்லாத மீன் எது?

மீன் வேண்டாம் என்பவர்களை விரட்டுவது பெரும்பாலும் கவுச்சிதான். அவர்களுக்கு எதைச் சமைத்துத் தரலாம் என்று கேட்டால், விலை உயர்ந்த மீனைக் கைகாட்டுவது வழக்கம். விலை இதற்கு நம்பகமான அளவுகோல் அல்ல. சதையில் உள்ள சில சேர்மங்களும், மீன் கரையேறிய பின் கழிந்த நேரமுமே கவுச்சியைத் தீர்மானிக்கின்றன.

அந்தச் சேர்மங்களில் முக்கியமான ஒன்று மீனுக்கு ஏன் தேவை என்பதை மாவடு ஜாடியிலிருந்து தொடங்கலாம். கல்லுப்பில் போட்ட மாவடு நீரை விட்டுச் சுருங்கிவிடும். கடல்மீனோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரில் ஆயுள் முழுக்க ஊறியும் சுருங்குவதில்லை. ஜாடியில் கிடக்கும் மாவடு தானே உப்புநீரைக் குடித்து, உப்பை மட்டும் காம்பு வழியே வெளியேற்றி, சதைக்குள் ஒரு காப்புப் பொருளையும் சேர்த்துக்கொண்டால் எப்படியோ அப்படித்தான் மீன் சமாளிக்கிறது. காம்பின் வேலையைச் செய்வது செவுள். காப்புப் பொருளின் பெயர் டிரைமெத்திலமைன் ஆக்சைடு. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் தடுக்க ஓரளவு உதவும் இது, ஆழ்கடல் அழுத்தத்தில் புரதங்கள் உருக்குலையாமலும் காக்கிறது. அதனால்தான் ஆழம் கூடக் கூட மீன்களின் சதையில் இதன் அளவும் கூடுகிறது.

இந்தப் போக்கை வைத்து, சுமார் 8,200 மீட்டருக்குக் கீழே மீன்கள் வாழ்வது கடினம் என்று கடல் உயிரியலாளர் பால் யான்சி குழுவினர் 2014இல் கணித்தனர். 2022இல் ஜப்பானை அடுத்த அகழி ஒன்றில் 8,336 மீட்டர் ஆழத்தில் மீன் படமாக்கப்பட்டது. கணிப்பு பெரிதாகப் பிசகவில்லை.

இந்த ஆக்சைடுக்கு மணமே கிடையாது. அப்போதுதான் பிடித்த கடல்மீனில் கவுச்சி தெரியாததற்குக் காரணம் இதுவே. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்க, எளிதில் ஆவியாகும் டிரைமெத்திலமைன் மிஞ்சுகிறது. மூக்கைத் துளைப்பது அதுதான். சுறாவின் சதையில் யூரியாவும் மிகுதி. அது சிதைந்து அம்மோனியா நெடியையும் சேர்க்கிறது.

விரால், கட்லா போன்ற நன்னீர் மீன்களில் இந்த ஆக்சைடு மிகக் குறைவு. ஆனால் குளத்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அவற்றின் கொழுப்பில் தங்கிச் சேற்று வாடை தரலாம். மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான பொருளும் இதுவே. பிடித்த மீனைக் கொல்லுமுன் சில நாட்கள் தெளிந்த ஓடுநீரில் விட்டுவைத்தால் அந்த வாடை குறையும்.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவற்றின் வாடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவற்றின் கருஞ்சதையில் உள்ள இரும்பு, மீன் கொழுப்பு விரைவில் காறிப்போகத் தூண்டுகிறது. ஊட்டத்தில் சிறந்த மீன்கள்தாம். ஆனால் புதிதாகச் சாப்பிடப் பழகுபவருக்கு முதல் மீனாக ஏற்றவை அல்ல.

ஆகவே தேர்வு வெண்சதையில் தொடங்க வேண்டும்: கிழங்கான், கொடுவா, சங்கரா, விரால். செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் சதை விறைப்பாகவும் இருப்பது அவசியம். நாள்பட்ட கொடுவாவைவிடப் புதிய மத்தியே மேல். உறையவைப்பது பாக்டீரியாவின் வேலையை நிறுத்துமே தவிர, ஏற்கெனவே உண்டான வாடையைப் போக்காது. எனவே பொட்டலத்தில் “வாடையற்றது” என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

சமைக்குமுன் தோலையும், சதையின் நடுவே ஓடும் கருஞ்சதைப் பட்டையையும் நீக்கிவிடலாம். புளியோ எலுமிச்சையோ சேர்த்தால் டிரைமெத்திலமைன் உப்பாக மாறி, ஆவியாகாமல் அடங்கும். ஜியோஸ்மினும் அமிலத்தில் சிதையும். ஆனால் அமிலம் வாடையை மட்டுமே அடக்கும். கெட்ட மீனை நல்ல மீனாக்காது.