கூமாப்பட்டிக்கு வாங்க... போனை ஆஃப் பண்ணிட்டு வாங்க!

கூமாப்பட்டிக்கு இனி அறிமுகம் தேவையில்லை. 2025 ஜூனில் ஒரு ரீல்ஸ் அந்த வேலையைச் செய்துவிட்டது. வேன் பிடித்து வந்தவர்கள், பிளவக்கல் அணையில் குளிக்கத் தடை என்று தெரிந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் வந்த மாதமே சரியில்லை. ஐப்பசி பிறந்த பிறகு வந்து, அணைப்பக்கம் போகாமல், மலையடிவாரத் தென்னந்தோப்பு ஒன்றில் விடியுமுன் போய் உட்கார்ந்திருந்தால் வேன் வாடகைக்கு வட்டியும் சேர்த்துக் கிடைத்திருக்கும்.

ஆறுமணிக் குருவியைத்தான் சொல்கிறேன். மைனாவைவிடச் சிறியது. வால் என்று பேருக்கு ஒரு துண்டு. முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் ஒரே தோப்பில் மாதக்கணக்கில் குடியிருக்கும். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் இரவிரவாகப் பறந்து தெற்கே வருகிறது. வந்த களைப்பில் சில சமயம் வீட்டுக்குள்ளேயே விழும், காக்கைகள் துரத்தும். அப்படி விழுந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, தெளிந்ததும் புதர் ஓரமாக விட்டுவிடுங்கள். செல்ஃபி வேண்டாம்.

"காலையில மோட்டார் போட வருவேன்ல, அப்ப ஒரு சத்தம் குடுக்கும் சார். சாயந்தரம் மறுபடியும் ஒருக்கா. ஆளை மட்டும் பாத்ததில்ல" என்றார் வத்திராயிருப்புப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர். கேமரா திரையில் படத்தைக் காட்டியபோது நம்பவில்லை. "இம்புட்டுக் கலரா? இதுவா என் தோப்புல கெடக்கு?"

கிடப்பதற்குக் காரணம் அவரேதான். அக்கம்பக்கத்தார் அவரைச் சோம்பேறி என்கிறார்கள். மட்டையும் சருகும் விழுந்த இடத்திலேயே மக்குகின்றன. வேலியும் கம்பிவேலி அல்ல, செடி கொடி மண்டிய உயிர்வேலி. சருகை அலகால் புரட்டிப் புழு பூச்சி தின்கிற குருவிக்கு வேறென்ன வேண்டும்? ரோட்டவேட்டர் ஓட்டித் துடைத்து வைத்த அடுத்த தோப்பில் அதற்கு வேலையே இல்லை.

படமெடுப்பதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. குருவி நடமாடும் தரைமட்டத்துக்குக் கேமராவும் இறங்க வேண்டும். முக்காலி வேண்டாம், புளியங்கொட்டை நிரப்பிய துணிப்பை போதும், லென்ஸ் அதில் பதிந்து அசையாமல் உட்காரும். காலை ஆறரை மணிக்குத் தோப்பு நிழலில் வெளிச்சமே இருக்காது. ஐஎஸ்ஓ 3200 வைத்தாலும் ஷட்டர் வேகம் 1/60-ஐத் தாண்டத் திணறும். ஆனால் இந்தக் குருவிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. இரண்டு மூன்று தத்துத் தத்திவிட்டு அப்படியே நிற்கும், குட்டை வாலை மட்டும் மெல்ல ஆட்டும். அந்த இடைவெளியில் அழுத்தினால் 1/60-லும் கண் துல்லியமாக விழும். தத்தும்போது அழுத்தினால் பச்சையும் நீலமும் குழம்பிய தீற்றல்தான் மிஞ்சும். ஃபிளாஷ் கூடவே கூடாது, வெள்ளைச் சட்டையும் கூடாது. தேடி நடந்தால் வேலிக்குள் புகுந்துவிடும். நாம் அசையாதிருந்தால் சருகைப் புரட்டியபடி அதுவே கிட்டத்தில் வரும்.

மாசி, பங்குனி வெயிலில் அகலமான மண் தட்டில் இரண்டு விரல்கடை தண்ணீர் வைத்து, மேலே ஊசித்துளை போட்ட பானையைத் தொங்கவிடுவது இன்னொரு வழி. சொட்டுச் சத்தத்துக்குச் செந்தலைப் பூங்குருவியும் வெண்புருவச் சின்னானும்கூட வரும். ராஜபாளையம் பக்கத்து மாந்தோப்புகளில் மாங்குயிலுக்கும் இதே பொறுமைதான். கொசு வராமலிருக்கத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

பறவைக்காக மறைந்திருப்பது பழைய கலை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்னால், மரச்சட்டத்தின் மேல் மாட்டுத்தோலைப் போர்த்தி, அந்தப் பொய்மாட்டின் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்திருந்தார்கள். (நம்மூரில் அப்படி ஒன்றை நிறுத்தினால் வண்டியில் பூட்ட ஆள் வந்துவிடும்.) நம் மா. கிருஷ்ணன், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவில் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களை எடுத்தார். அவர்களிடம் இல்லாத ஒரு கருவி இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. என் கவலையே அதுதான்.

போனில் குருவியின் குரலைத் தரவிறக்கி, புளூடூத் ஸ்பீக்கரைப் புதருக்குள் வைத்து ஒலிக்கவிடுகிறார்கள். ஆறுமணிக் குருவி குளிர்காலத்திலும் தனக்கென்று ஓர் எல்லையைப் பிடித்து வைத்திருக்கும். இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்துத் திறந்த வெளிக்கு வந்து, கழுத்தை நிமிர்த்திக் கத்தும். படம் பிரமாதமாக வரும். படமெடுத்தவர் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அடுத்தவர் வந்து மறுபடியும் ஒலிக்கவிடுவார். இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் இரை தேடாத நேரம். வந்த களைப்பு தீரவும், சித்திரைக்குள் வடக்கே திரும்பவும் வேண்டிய கொழுப்பைச் சேர்க்க வேண்டிய நேரம் அது. வெட்டவெளியில் நின்று கத்துவதை வல்லூறும் தோப்புப் பூனையும்கூடக் கேட்கின்றன.

அரை நிமிடம் ஒலிக்கவிட்டால் ஒன்றும் ஆகாது, வருகிறவர்களால் ஊருக்கு நாலு காசு கிடைக்கிறது என்பது வழிகாட்டிகளின் வாதம். அந்த அரை நிமிடத்தை யார் எண்ணுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

மேலே மலைக்குள் கேள்வி கேட்க ஆள் உண்டு. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாகி, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு அது. 1,016 சதுர கிலோமீட்டர். உள்ளே படமெடுக்க அனுமதி வேண்டும். பட்டா தோப்பில் அப்படி எதுவும் கிடையாது. குருவிக்கோ காப்பக எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்று தெரியாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டைக் கணக்கிலேயே சேர்க்கிறது. குளிர்கால விருந்தாளிக்கு இங்கே கூடும் இல்லை, அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒரு தோப்பின் மேப் லொக்கேஷன் ரீல்ஸில் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கர்நாடகத்தின் கணேஷ்குடியிலும் கேரளத்தின் தட்டேக்காட்டிலும் தண்ணீர்த் தொட்டி வைத்து, மறைவிடம் கட்டி, கட்டணம் வாங்குகிறார்கள். நம் தோப்புக்காரரிடமும் சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "வாங்கலாமா சார்? எம்புட்டுச் சொல்லட்டும்?" என்று என்னிடமே கேட்டார். தாராளமாக வாங்குங்கள், தேங்காய் விலை விழும்போது கைகொடுக்கும் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: மோட்டார் ரூமில் ஓர் ஆணி அடித்துப் பை ஒன்றைத் தொங்கவிட்டு, வருகிறவர்களின் போனையெல்லாம் அதற்குள் போட்டுப் பூட்டிவிட வேண்டும்.

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "போன் இல்லாம எவன் சார் வருவான்?"