புழுவைக் கொல்லுமா புரசு விதை?

திருவண்ணாமலைக்குச் சென்றவர்களுக்குக் கிரிவலப் பாதை தெரிந்திருக்கும். மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் அதை வெறுங்காலுடன் வலம் வருகிறார்கள். வெறுங்கால் என்றதும் உயிரியல் படிப்பவருக்குக் கொக்கிப்புழு நினைவுக்கு வரவேண்டும். தார்ச் சாலை அதற்கு ஏற்ற இடமன்று. மலம் கலந்த, நிழலும் ஈரமும் உள்ள மண்தான் அதன் வளர்ப்பிடம். அங்கே வெறுங்கால் பட்டால், கண்ணுக்குத் தெரியாத இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. பிறகு குடற்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. புழுவின் நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் பல புழுக்கள் சேர்ந்தால் சோகை, களைப்பு, படிப்பில் மந்தம் எல்லாம் தொடர்கின்றன.

உருளைப்புழு வேறு வழியில் வருகிறது. அதன் முட்டைகள் அழுக்குக் கைகள், கழுவாத காய்கறிகள் மூலம் வாய்க்குள் போகின்றன. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டைகள் வரை இடும்! மண் வழியே பரவும் இத்தகைய புழுக்கள் உலகில் சுமார் 150 கோடி மக்களிடம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இதற்கு மருந்து உண்டு. 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையை நீங்களும் சுவைத்திருப்பீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையிலும், திமிரி வட்டாரத்திலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 2017 முதல் ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. மாணவர்களுக்கு மட்டுமன்றி ஊரில் எல்லோருக்குமே மாத்திரை கொடுத்தால் புழு பரவுவதையே நிறுத்திவிடலாமா என்பதே அதன் கேள்வி. ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் இதே ஆய்வு நடந்தது.

மாத்திரை இருக்கும்போது விதைகளை ஏன் ஆராய வேண்டும்? ஆடு மாடுகளின் புழுக்கள் பல, அல்பெண்டசோல் வகை மருந்துகளை எதிர்த்து வாழப் பழகிவிட்டன. மனிதரின் புழுக்களும் நாளை அப்படி மாறலாம். எனவே புது மருந்துகளைத் தேடியாக வேண்டும். பாட்டி வைத்தியத்தில் வரும் வாய்விளங்கம், பப்பாளி விதை, புரசு விதை ஆகியவை ஆய்வுக்கு வந்தது இப்படித்தான்.

சோதனை எப்படி நடக்கிறது?

விதையை உலர்த்தி, பொடித்து, நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். அதைப் பல செறிவுகளில் உப்புநீரில் கலந்து தட்டுகளில் ஊற்றி, ஒரே அளவுள்ள மண்புழுக்களை விடுவார்கள். அசைவு நிற்க எத்தனை நிமிடம், இறக்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக் குறிப்பார்கள். இன்னும் இரண்டு தட்டுகள் அவசியம். ஒன்றில் வெறும் உப்புநீர். மற்றொன்றில் ஏற்கெனவே தெரிந்த மருந்து. உப்புநீரிலேயே புழு செத்துப்போனால், சாறு கொன்றது என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட ஒன்று இல்லாத சோதனை சோதனையே ஆகாது.

சரி, தட்டில் புழு இறந்துவிட்டது. மருந்து கிடைத்துவிட்டதா? இல்லை. மண்புழு வளையத்தசைப்புழு இனம். உருளைப்புழுவும் கொக்கிப்புழுவும் வேறு தொகுதி. மேலும், தட்டு வேறு, குடல் வேறு. சாறு செரிமானத்தில் சிதையலாம். புழுவுக்கு நஞ்சானது நமக்கும் நஞ்சாகலாம்.

புரசையே பாருங்கள். வேனிலில் நெருப்புப்போலப் பூக்கும் மரம் இது. சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்தது இதுவே என்பர். இதன் விதையிலிருந்து பலசோனின் என்ற புழுக்கொல்லிப் பொருளை ராஜ், குருப் என்னும் இந்திய ஆய்வாளர்கள் 1960-களில் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு, கொப்புள வண்டின் நஞ்சான கந்தாரிடினை ஒத்திருந்தது. ஒரு மெத்தில் தொகுதிதான் குறைவு! தோலைக் கொப்புளிக்கச் செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சின் நெருங்கிய உறவினர் அது. ஆகவே, ‘இயற்கையானது, எனவே தீங்கற்றது’ என்று எண்ணுவது தவறு.

மனிதரிடமே செய்து பார்த்த சோதனையும் உண்டு. நைஜீரியாவில் குடல் ஒட்டுண்ணிகள் உள்ள 60 குழந்தைகளில் 30 பேருக்குத் தேனில் கலந்த பப்பாளி விதைப் பொடியும், 30 பேருக்குத் தேன் மட்டும் கொடுத்தார்கள். முடிவு 2007-இல் வெளியாயிற்று. விதை உண்டவர்களில் 23 பேரின் மலத்தில் ஒட்டுண்ணிகள் மறைந்தன. தேன் மட்டும் உண்டவர்களில் 5 பேருக்கு. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனாலும் 60 என்பது சிறிய எண்ணிக்கை. சரியான அளவு என்ன, எல்லாருக்கும் பாதுகாப்பானதா என்பதையெல்லாம் பெரிய ஆய்வுகளே சொல்ல வேண்டும்.

ஆகவே நண்பர்களே, விதைகளை அரைத்து நீங்களாகவே விழுங்கிப் பார்க்காதீர்கள். பள்ளியில் தரும் மாத்திரையைத் தவறாமல் உண்ணுங்கள். சாப்பிடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். காட்டுவெளிக்குப் போகாமல் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். ஈர மண்ணில் செருப்பணிந்து நடங்கள். இனி யாராவது, “இந்த விதை புழுவைக் கொல்லும்” என்று சொன்னால், “எந்தப் புழுவை? எவ்வளவு கொடுத்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்?” என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவரே நாளை புதிய மருந்தைக் கண்டுபிடிப்பார்.