வாள் இழுத்த தண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, கடப்பாக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் என் வகுப்புப் பிள்ளைகளுடன் நின்றுகொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி இருவர் பெரிய மரமொன்றை அறுத்துக்கொண்டிருந்தனர். மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே நின்றவரின் தலையெல்லாம் மரத்தூள்.

"ஸார், பக்கத்திலேயே இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே! அது இவர்களுக்காக வாளை இழுக்காதா?" என்று ஒரு பையன் கேட்டான்.

இழுத்ததுண்டு. துருக்கியிலுள்ள ஹியராபோலிஸ் என்னும் பழைய நகரத்தில், மார்க்கஸ் அவுரேலியஸ் அம்மியானோஸ் என்பவரின் கல் சவப்பெட்டியில் ஒரு யந்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது. காலம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுகிறது. வளைந்த அச்சும் தண்டும் அந்தச் சுழற்சியை முன்னும் பின்னுமான ஓட்டமாக மாற்றுகின்றன. இரண்டு வாள்கள் கல்லை அறுக்கின்றன. அரசர்கள் கல்லறையில் வெற்றிகளைப் பொறிப்பார்கள். இவரோ தம் சக்கரத்தையே பெருமையாகப் பொறித்துக்கொண்டார்!

பதின்மூன்றாம் நூற்றாண்டில், பிரான்ஸ் தேசத்து வில்லார் தெ ஒன்கூர் என்பவர் மரம் அறுக்கும் நீர்ச்சக்கரத்தைப் படமாக வரைந்தார். சமதரையான ஹாலந்தில் தண்ணீர் விழுவதற்கு மேடு ஏது? அங்கே 1594-இல் கார்னெலிஸ் கார்னெலிஸ்ஸோன் காற்றைக்கொண்டு வாளை ஓட்டினார்.

யந்திரத்தை எல்லாரும் வரவேற்றுவிடவில்லை. 1768-இல் லண்டன் லைம்ஹவுஸில் காற்றால் ஓடிய மர ஆலையொன்றை, கையால் மரம் அறுப்போர் கூட்டமாகச் சென்று நொறுக்கினார்கள். அவர்களை மூடர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வாள் போனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

நம் கால்வாயும் சமதரையில் கிடப்பது. சக்கரத்தைச் சுற்றும் வீழ்ச்சி அதற்கில்லை. ஆயினும் அது சும்மா இருந்துவிடவில்லை; சவுக்கு விறகையும் உப்பையும் படகுகளில் சென்னைக்குச் சுமந்தது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 5 மைல் பகுதியை வெட்டியவர்கள் கூழுக்கு ஏங்கிய நம் ஜனங்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிற்று. அம்மியானோஸுக்குக் கிடைத்த பாக்கியம் மண் சுமந்தவர்களுக்கு வாய்க்கவில்லை.

இவ்வளவையும் கேட்டபின் அந்தப் பையன், "தண்ணீரே அறுத்துவிட்டால் இவர்கள் இருவருக்கும் யார் சோறு போடுவார்கள், ஸார்?" என்றான்.

என் பதிலைவிட அவன் கேள்வியே மேலானதாக இருந்தது. புதிய யந்திரம் ஒன்று ஊருக்குள் வரும்போதெல்லாம் நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.