நண்பரோட புது லாரி பிசினஸ்ல பணம் போடறீங்களா? ஆடிட் பண்ண வேண்டியது நீங்கதான்!



"மச்சான், ஒரு லாரி எடுக்கறோம். நீ 5 லட்சம் போடு, மாசம் 20,000 கைக்கு வந்துடும்." நாமக்கல், சங்ககிரி பக்கம் சொந்தக்காரங்க இருக்கிற பல பேருக்கு இந்த மாதிரி ஒரு ஆஃபர் வந்திருக்கும். அதோட இன்னொரு வரியும் வரும்: "உன்கிட்ட சம்பள ஸ்லிப் இருக்கு, சிபில் ஸ்கோர் நல்லா இருக்கு, லோனை உன் பேர்லயே எடுத்துடலாம்."

நாமளும் உடனே எக்ஸெல் ஷீட்டைத் திறந்துடுவோம். டீசல், டோல், டிரைவர் பேட்டா, டயர், இஎம்ஐ, ரிட்டர்ன் லோடு கிடைக்காத நாள்னு எல்லாத்துக்கும் ஒரு காலம் போடுவோம். ஆனா இந்தப் புது கம்பெனி ரோட்டுல பாதுகாப்பா வண்டி ஓட்டுதான்னு யார் பார்ப்பாங்க? அதுக்கு மட்டும் அந்த ஷீட்ல இடமே இருக்காது.

நம்ம ஊர்ல வண்டியைப் பார்க்க ஆள் இருக்கு. புது லாரிக்கு எட்டு வருஷம் ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி, அதுக்கு அப்புறம் வருஷா வருஷம். டிரைவருக்கு லைசென்ஸ், வண்டிக்கு பெர்மிட், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனித்தனியா இருக்கு. ஆனா தொழில் ஆரம்பிச்ச ஒரு வருஷத்துக்குள்ள ஒரு அதிகாரி கட்டாயமா வந்து, "டிரைவரை எப்படி வேலைக்கு எடுத்தீங்க, எத்தனை மணி நேரம் ஓட்ட வைக்கறீங்க, பிரேக் வேலை எப்போ பார்த்தீங்க, பேப்பரைக் காட்டுங்க"ன்னு கேட்கிற முறை இங்க இல்லை.

அமெரிக்காவுல அப்படி ஒண்ணு இருக்கு. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏத்துற புது டிரக்கிங் கம்பெனி எதுவா இருந்தாலும், அது ஒத்தை லாரி ஓனரா இருந்தாலும், முதல் 18 மாசம் எஃப்எம்சிஎஸ்ஏங்கிற மத்திய அமைப்போட கண்காணிப்புல இருக்கணும். பொதுவா முதல் 12 மாசத்துக்குள்ள ஒரு சேஃப்டி ஆடிட் நடக்கும். இதுல பெரும்பாலும் பேப்பரைத்தான் பார்ப்பாங்க. சரியான லைசென்ஸ் இல்லாத டிரைவரை ஓட்ட வெச்சது, போதைப்பொருள் மற்றும் மது பரிசோதனைக்கு ஏற்பாடே இல்லாதது, தேவையான இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டினது, வருஷாந்திர சோதனை செய்யாத வண்டியை ஓட்டினது மாதிரி சில தப்புகள்ல ஒண்ணு இருந்தாலே ஃபெயில். சரக்கு கம்பெனியா இருந்தா பொதுவா 60 நாளுக்குள்ள சரி பண்ணிக் காட்டணும். காட்டலைன்னா ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும்.

அதுலயும் ஓட்டை இருக்கு. மாட்டின கம்பெனியை மூடிட்டு வேற பேர்ல திரும்பத் திறக்கிறவங்களை அங்கேயே 'பச்சோந்தி கம்பெனி'ன்னுதான் சொல்றாங்க. இருந்தாலும் புதுசா வர்றவங்களை ஆரம்பத்துலயே உட்கார வெச்சு கேள்வி கேட்கிற அந்த யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு. நம்ம ஊர்ல அது இல்லாததால, அந்தக் கேள்விகளை பணம் போடற நீங்கதான் கேட்டாகணும்.

இதுல உங்க பணம் எங்க மாட்டுதுன்னு பார்ப்போம். ஒரு கணக்கு போடலாம். சொந்தமா கடை வெச்சு மாசம் 30,000 சம்பாதிக்கிற 30 வயசுக்காரர் விபத்துல இறந்துட்டார். அவரை நம்பி மனைவி, குழந்தை, அம்மான்னு மூணு பேர். வருஷ வருமானம் 3,60,000. எதிர்கால வருமான உயர்வுக்கு 40% சேர்த்தா 5,04,000. அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா 3,36,000. அந்த வயசுக்கு மல்டிப்ளையர் 17. மொத்தம் 57,12,000 ரூபாய். இது உச்ச நீதிமன்றம் 2009 சர்லா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புகள்ல வகுத்த கணக்கு. இறுதிச் சடங்கு மாதிரி மத்த தொகைகள், வட்டி எல்லாம் இதுக்கு மேல.

"தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு சொல்லுவீங்க. உண்மைதான், உயிரிழப்புக்கு அதுல உச்ச வரம்பு இல்லை. ஆனா டிரைவர்கிட்ட செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லைன்னாலோ, வண்டிக்கு பெர்மிட் இல்லைன்னாலோ, கோர்ட் 'பே அண்ட் ரெகவர்'னு உத்தரவு போடலாம். அதாவது, இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல்ல குடும்பத்துக்குப் பணம் கொடுத்துட்டு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கும். ஓனர் யாரு? ஆர்சி யார் பேர்ல இருக்கோ அவர். லோனை உங்க பேர்ல எடுத்திருந்தா, அது நீங்க. டிரிபியூனல் பணத்தை நில வரி பாக்கி மாதிரி கலெக்டர் மூலமா வசூலிக்கவும் மோட்டார் வாகனச் சட்டத்துல வழி இருக்கு.

ஆர்சி உங்க பேர்ல இல்லை, பார்ட்னர் மட்டும்தான்னா? சாதாரண பார்ட்னர்ஷிப்ல ஃபர்மோட கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் முழுசா பொறுப்பு. 5 லட்சம் போட்டவருக்கு நஷ்டம் 5 லட்சத்தோட நிக்காது. எல்எல்பியா இருந்தா பொதுவா போட்ட முதலோட நிக்கும். மூணு நாலு பேர் சேர்ந்து ஆரம்பிக்கிறீங்கன்னா அந்தச் செலவு வீண் கிடையாது.

சரி, ஆடிட்ல என்ன பார்க்கணும்? முதல்ல டிரைவர். வேலைக்கு எடுக்கறப்போ லைசென்ஸை வாங்கி, பரிவாஹன் தளத்துல செக் பண்ணி, தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கணும். இது வெறும் ஃபார்மாலிட்டின்னு நினைக்காதீங்க. ஓனர் நியாயமான கவனத்தோட செக் பண்ணியிருந்தா, பின்னாடி அது போலி லைசென்ஸ்னு தெரிஞ்சாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி தட்டிக் கழிக்க முடியாதுன்னு 2004 ஸ்வரண் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்கு 57 லட்சம் மதிப்பு வரலாம். கனரக வண்டி லைசென்ஸ் 5 வருஷத்துக்குத்தான், ரினியூவல் தேதியை உங்க போன் காலண்டர்ல போட்டுக்கோங்க.

அடுத்தது ஓட்டுற நேரம். சட்டம் சொல்றது நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஒத்தை டிரைவரை வெச்சுட்டு டெல்லி ட்ரிப்புக்கு உங்க நண்பர் எத்தனை நாள் கணக்கு போட்டிருக்கார்னு கேளுங்க. அந்த ஒரு பதில்லயே ஷீட்ல இருக்கிற லாபம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுடும். ரெண்டாவது டிரைவர் சம்பளத்தைச் சேர்த்தா மாசம் 20,000 நிக்குமா? ஓவர்லோடும் இதே கதைதான். மத்தியச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலா ஏத்தின ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

எஃப்சி, இன்ஷூரன்ஸ் தேதியெல்லாம் எம்-பரிவாஹன் ஆப்ல வண்டி நம்பர் போட்டாலே வந்துடும். மாசம் ஒரு தடவை நீங்களே பாருங்க, நண்பர் சொல்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஏற்கனவே உங்க பேர்ல லாரி வாங்கி, அப்புறம் நண்பருக்கே வித்துட்டு வெளியே வந்தவங்களும் இருப்பீங்க. பேர் மாத்தியாச்சான்னு இன்னைக்கே செக் பண்ணுங்க. வித்துட்டாலும் ஆர்சி யார் பேர்ல இருக்கோ அவர்தான் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஒரே மாநிலத்துக்குள்ள வித்திருந்தா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும். ஃபார்ம் 29, 30 ரெண்டும் வேணும். லோன் முடிஞ்சிருந்தா பேங்க்கோட என்ஓசி, ஃபார்ம் 35-ஐயும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க.