ரத்தசோகைக் கணக்கு: அளவுகோலே கேள்விக்குறி

புது தில்லி: 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21-ல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவித்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இது 67.1 சதவீதம். 2015-16 ஆய்விலோ இவை முறையே 53.1, 58.6 சதவீதமாக இருந்தன. ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளிகள் குறைப்பது என்ற இலக்குடன் 2018-ல் "அனீமியா முக்த் பாரத்" திட்டம் தொடங்கப்பட்ட பிறகும் எண்ணிக்கை ஏறியது எப்படி?

அளக்கும் முறையும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கின்றனர் ஆய்வாளர்கள் சிலர். குடும்ப நல ஆய்வில் விரல்நுனியில் எடுத்த ரத்தத் துளி கையடக்கக் கருவியில் சோதிக்கப்பட்டது. விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீரும் கலந்து, ஹீமோகுளோபின் குறைவாகத் தெரியக்கூடும். சிரையிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சோதித்த 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கே ரத்தசோகை காணப்பட்டது.

எல்லைக்கோடும் விவாதத்துக்குரியதே. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான வரம்பை, டெசிலிட்டருக்கு 11 கிராம் என்பதிலிருந்து 10.5 ஆக உலக சுகாதார நிறுவனம் 2024-ல் தளர்த்தியது. சிரை ரத்தத்தைச் சோதிப்பதே சிறந்தது என்றும் அது பரிந்துரைத்தது.

இதனிடையே, குடும்ப நல ஆய்வின் ஆறாவது சுற்றில் ரத்தசோகைப் பரிசோதனை கைவிடப்பட்டு, அப்பொறுப்பு ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நடத்தும் தனி ஆய்வுக்கு விடப்பட்டது. துல்லியத்துக்காக எடுக்கப்பட்ட முடிவு இது என்றது ஒரு தரப்பு. முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிடும் வாய்ப்பே பறிபோகிறது என்றது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆனால், துணை சுகாதார நிலையங்களில் விரல்நுனித் துளிதான் இன்றும் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு மேல், 11-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை. 7-க்குக் கீழ் சென்றால் மருத்துவரின் மேற்பார்வையில் ஊசிவழிச் சிகிச்சை. கடைசி மூன்று மாதங்களானால் உடனடியாக மருத்துவமனை. உண்மையில் 6.8 கிராம் உள்ளவருக்குக் கருவி 7.3 என்று காட்டினால், அவர் மாத்திரைகளுடன் வீடு திரும்புவார். பிரசவத்தின்போது ஏற்படும் சாதாரண ரத்தப்போக்கைக்கூட அவர் உடல் தாங்காமல் போகலாம்.

எத்தனை சதவீதம் என்ற வாதம் தலைநகரில் தொடரட்டும். கிராமத்துச் செவிலியரின் கையிலுள்ள கருவி சரியாக அளக்கிறதா என்று காலந்தோறும் சோதிக்க, புதிய ஆய்வின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.