ஒற்றை மூலக்கூறு கனத்தில் ஒரு பூச்சு

ஒரு நுனியில் கந்தகம் கொண்ட நீண்ட காபன் சங்கிலிகள் கரைந்த எதனோலில் தங்கத் தகட்டை அமிழ்த்தி வைத்தால், கந்தக நுனிகள் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். வால்கள் வெளியே நீட்டி நிற்கும். எவரும் அடுக்கி வைக்காமலே அவை ஏறத்தாழ அரை நனோமீற்றர் இடைவெளியில் நெருங்கி, 30 பாகையளவு ஒரே பக்கம் சாய்கின்றன. சவளக்கடை வயலில் முற்றிய வேளாண்மை காற்றுக்குச் சாய்ந்து நிற்பதும் இப்படித்தான். 16 காபன் அணுக்கள் கொண்ட சங்கிலியானால் பூச்சின் கனம் சுமார் 2 நனோமீற்றர். 1983இல் நுசோ, அல்லாரா ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு வழி திறந்தது. செப்பில் பூசினால் ஒட்சியேற்றம் தாமதமாகும். உராயும் பரப்புகளில் தேய்மானம் குறையும்.

அமுக்கத்தை இப்பூச்சு எப்படித் தாங்குகிறது என்பதே முக்கியமான கேள்வி. 1986இல் வந்த அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால் அழுத்தினால் விசையும் ஆழமும் தெரியவரும். ஊசியின் கீழே சங்கிலிகள் என்ன பாடுபடுகின்றன என்பது தெரியாது. அதைக் காட்டுவது கணினிதான்.

அணுக்களின் அசைவைக் கணினியில் கணிக்கும் முறையை வளர்த்தவர்களில் தலையாயவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் 1964இல் 864 ஆகன் அணுக்களைக் கொண்டு திரவம் ஒன்றின் அசைவைக் கணித்துக் காட்டினார். ஒவ்வோர் அணுவின் மீதும் மற்றவை செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அதைச் சற்றே நகர்த்தி, மீண்டும் விசையைக் கணக்கிடுவது: இவ்வளவுதான் முறை. இன்றும் அடிப்படை அதுவே.

பூச்சை அழுத்தும் கணிப்புகளில் சங்கிலிகள் முதலில் கூட்டாக மேலும் சாய்கின்றன. விசை ஏற ஏற, நேராக நீண்டிருந்த சங்கிலியின் நடுவில் மடிப்பு விழுகிறது; ஒழுங்கு குலைகிறது. ஊசி சிறிதானால் அதன் கீழிருந்த சங்கிலிகள் பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிடுகின்றன. அளவோடு அழுத்திவிட்டு ஊசியைத் தூக்கினால் பூச்சு பழைய நிலைக்கு மீள்கிறது. மசகாக இதற்கு மதிப்புத் தருவது இந்த மீட்சியே.

ஆனால் நேரம் இடறுகிறது. ஒவ்வொரு கணக்கடியும் ஒரு செக்கனின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. பத்து இலட்சம் அடிகள் வைத்தாலும் ஒரு நனோசெக்கன்தான். அதற்குள் ஊசி ஒரு நனோமீற்றர் இறங்க வேண்டுமானால் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகம் வேண்டும். ஆய்வுகூட ஊசியோ செக்கனுக்கு ஒரு மைக்ரோமீற்றர் அளவில் நகர்வது. மெதுவாக இளகும் சங்கிலிகளுக்குக் கணினியில் அவகாசம் கிடைப்பதில்லை. அதனால் ஒரே அழுத்தலைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்து, வேகத்தோடு மாறாத முடிவுகளையே ஆய்வாளர்கள் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறார்கள்.