சீல் புதுசு, கசிவு பழசு: ஏன்?

பழைய ஜீப்பின் பின்சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் டிரம்முக்குள் எண்ணெய். புது ஆயில் சீல் போட்டும் மறுபடி கசிகிறது.

முதலில் மோந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது ஆக்ஸிலில் இருந்து வரும் கியர் ஆயில். இல்லையென்றால் வீல் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம்.

சீலின் ரப்பர் விளிம்பை ஒரு சுருள்கம்பி ஷாஃப்ட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. எஃகை ரப்பர் தேய்க்குமா? தேய்க்கும். விளிம்பில் பதிந்த புழுதி உப்புத்தாளாக மாறி, ஷாஃப்ட்டைச் சுற்றிப் பள்ளம் போட்டுவிடும். நகத்தால் வருடினாலே தட்டுப்படும். அதன்மேல் எந்தப் புதுச் சீலும் ஒழுங்காக உட்காராது. மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம். இடமிருந்தால், சீலைப் பள்ளம் விழாத பகுதியில் படும்படி சற்றுத் தள்ளி அடிக்கலாம். பேரிங் ஆட்டம் கண்டிருந்தால் இரண்டும் வீண்.

அடுத்தது பிரீதர், ஆக்ஸில் மூச்சு விடும் சிறு துளை. சேறு அடைத்துவிட்டால், 30 டிகிரியில் இருந்த உள்காற்று 90 டிகிரிக்குச் சூடாகும்போது அழுத்தம் சுமார் 20 சதவீதம் ஏறும். எண்ணெய்க்கு சீல்தான் வழி. ஓடையில் இறங்கினால் நேரெதிர்: சட்டென்று குளிரும் ஆக்ஸில் தண்ணீரை உறிஞ்சும், எண்ணெய் பால்போல வெளுக்கும். பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை மேலே கொண்டுபோய்க் கட்டினால் இரண்டுக்கும் தீர்வு. செலவு குறைவு என்பதாலோ என்னவோ, மெக்கானிக்குகள் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

எண்ணெயில் ஊறிய பிரேக் லைனிங்கை பெட்ரோலில் கழுவிப் பயனில்லை; மாற்றிவிடுங்கள்.